பாதியில் இருப்பவர்கள்

எங்கள் மேசைக்கு ஒரே ஒரு விதிதான். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பாதியில் இருக்கும் புத்தகத்தை, அடையாளத் தாளோடு மேசைமேல் வைத்துவிட்டு, அதுவரை நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்தவர்களின் குரலில் ஒரு மிதப்பு வந்துவிடுகிறது, அது தனக்குப் பிடிக்காது என்று நைரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். முடித்த புத்தகத்தை, யார் முதலில் கேட்டிருந்தார்களோ அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கையில் புத்தகம் இல்லாமல் வருகிறவர் அன்று தேநீர் ஊற்றலாம், சீஸ் ரோல்களை அடுப்பில் வாட்டலாம். பேச மட்டும் கூடாது.

போர்ட் சால்மர்ஸ் என்ற எங்கள் சின்ன ஊரில், துறைமுகத்துக்கு மேலே குன்றில் இருக்கும் பழைய மாலுமிகள் சங்க மாடியில் மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடுவோம். ஜன்னலைத் திறந்தால் மர வாசனை அடிக்கும். கப்பலுக்காகக் காத்திருக்கும் பைன் மரங்களை வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். நைரி ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி. ஹேமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், செங்கல் மாதிரி தடித்த நாவல்களைத்தான் தொடுவான். மர்டோ முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டியவர், மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். நான் ப்ரைடி, எல்லோரிலும் இளையவள். யாரோ ஒருவர் வேறு மொழியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். நகரத்துக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் எத்தனை முறை என் நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன் என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

முன்பு அலஸ்டர் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். புது வேலையில் சேர்ந்தபின் அவருக்குப் படிக்க நேரமில்லை. இரண்டு மாதம் வெறுங்கையோடு வந்து தேநீர் ஊற்றினார், அப்புறம் வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவருடைய நாற்காலியை நாங்கள் சுவரோரம் தள்ளிப் போட்ட அன்று மர்டோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்டோ எப்போதும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். ஹீட்டரைப் போட்டு, கோப்பைகளைக் கழுவி வைத்து, தன் புத்தகத்தை நேராக வைத்து உட்கார்ந்திருப்பார். தன் புத்தகங்களுக்கு எல்லாம் பழைய கடல் வரைபடத் தாளில் அட்டை போடுவார். அதனால் அவர் என்ன படிக்கிறார் என்பது அவர் வாய் திறந்தால்தான் தெரியும்.

பிப்ரவரியில், எங்கள் ஊர்க் கோடையில், அவர் ஆரம்பித்தது 'காலி வகுப்பு' என்ற நாவல். ஜார்ஜிய மொழியிலிருந்து வந்தது. தினாத்தின் என்ற இளம் ஆசிரியை, பனி மூடிய ஒரு மலைக் கிராமத்துக்கு வேலைக்குப் போகிறாள். ஆசிரியை வேண்டும் என்று கேட்டு வாங்கியது அந்த ஊர்தான். போய்ப் பார்த்தால் ஊரில் ஒரு குழந்தைகூட இல்லை. மறுநாள் காலை மணி அடித்ததும் பெரியவர்கள் வரிசையாக வந்து சின்னச் சின்ன பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்காருகிறார்கள். கொல்லன், தபால்காரன், பால் கறக்கிற சகோதரிகள் இருவர். யாரும் எதையும் விளக்குவதில்லை. வகுப்பறை மூலையில் பூட்டிய அலமாரி ஒன்று.

அன்றைக்கே நான்தான் முதலில் கேட்டேன், முடித்ததும் எனக்கு என்று.

ஏப்ரல் மாதம் மர்டோ வரவில்லை. முழங்கால் வலி என்றார், தன் பழைய டிரக்கையும் விற்றுவிட்டார். மே மாதம் நடந்தே குன்றேறி வந்து, தினாத்தின் அலமாரியைத் திறந்ததைச் சொன்னார். உள்ளே சின்னக் கையுறைகள், கயிற்றில் வரிசையாகத் தொங்குகின்றன. தொட்டுப் பார்க்கிறாள். ஈரமாக இருக்கின்றன.

ஹேமி கையிலிருந்த ரோலைக் கீழே வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் நான் வந்தது அதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. குழந்தைகள் எங்கே? மர்டோ அவசரப்பட மாட்டார். ஜூனில் கொல்லன் கூட்டல் கணக்கில் வேண்டுமென்றே தப்புப் போடுகிறான், வகுப்பு சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று. ஜூலையில் பால் கறக்கிற சகோதரிகளில் இளையவள் கரும்பலகையில் ஒரு பெயரை எழுதிவிட்டு உடனே முழங்கையால் அழித்துவிடுகிறாள். மர்டோ இப்படிச் சொல்லச் சொல்ல, மழை பெய்கிற எங்கள் ஊர் ஜன்னலுக்கு வெளியே பனி விழுவது போலவே எனக்கு இருக்கும். அடையாளத் தாள் மாதத்துக்கு ஒரு விரல் அளவு நகரும். அவ்வளவு மெதுவாகப் படிப்பதை ஹேமி கிண்டல் செய்வான். நல்ல கஞ்சியை ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும் என்பார் மர்டோ.

செப்டம்பரில் அந்தத் தாளுக்குப் பின்னால் மிச்சமிருந்தது ஒரு பிஸ்கட் தடிமன்தான். அடுத்த மாதம் புத்தகம் என் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மர்டோவிடம் அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றவர் கோப்பையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

என்னால் ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. நூலகத்தில் சொல்லி, கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்தேன். முதல் பாதி வரிக்கு வரி மர்டோ சொன்னதுதான். தினாத்தின் அலமாரிக் கைப்பிடியில் கை வைக்கும் இடம் வரை எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் கையுறைகள் இல்லை. கொல்லனின் தப்புக் கணக்கு இல்லை, அழித்த பெயர் இல்லை. பாதிக்கு மேல் அவள் கோவேறு கழுதையில் மலை இறங்கித் தலைநகரத்துக்குப் போய்விடுகிறாள். பிறகு வருவதெல்லாம் ஒரு வக்கீலும் அவருடைய வீட்டு வாடகைத் தகராறும். கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். குழந்தைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரே நாவலை இரண்டு பேர் மொழிபெயர்த்திருப்பார்கள், ஒருவர் நூறு பக்கத்தை வெட்டியிருப்பார். பதிப்பாளர் முடிவையே மாற்றச் சொல்லியிருப்பார். ஆக, நூலகம் எனக்கு அனுப்பியது குறைப் பிரதி, மர்டோவிடம் இருப்பதுதான் முழுசு. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏற்பட்ட குஷிக்கு அளவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று அந்த வாரம் முழுக்கப் பேருந்தில் நினைத்துக்கொண்டே போனேன். நிறுத்தத்தை இரண்டு முறை விட்டேன்.

அக்டோபர் சனிக்கிழமை, மர்டோ பேச ஆரம்பிக்கும் முன்பே நூலகப் பிரதியை எடுத்து அவர் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். வெட்டப்பட்ட பகுதி எவ்வளவு பெரிது என்று விரலால் காட்டினேன். கையுறை அத்தியாயமே இதில் கிடையாது என்றேன். நைரிக்கும் ஹேமிக்கும் ஆர்வம் தாங்கவில்லை. இப்படி ஒன்று எங்கள் மேசைக்கு இதுவரை வந்ததில்லை.

"உங்களோடது யார் மொழிபெயர்ப்பு, மர்டோ? பேரப் படிங்களேன்" என்றேன்.

மர்டோ புத்தகத்தைத் திறந்தார். தலைப்புப் பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். துறைமுகத்தில் ஏதோ லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"கொண்டா ப்ரோ" என்று ஹேமி கை நீட்டி வாங்கினான். பெயரைப் படித்தான். என் பிரதியில் இருந்த அதே பெயர். அதே பதிப்பகம், அதே வருடம். கடைசிப் பக்க எண்ணையும் பார்த்தான். அதுவும் அதேதான். நான் அப்போதும் விடவில்லை, ஒருவேளை அச்சகத்தில் ஏதாவது மாறியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மர்டோவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாக நின்றது.

"ஏப்ரல்ல முழங்கால் இல்ல" என்றார் மர்டோ.

ஒரு நாள் காலை எழுந்து செய்தித்தாளைப் பிரித்திருக்கிறார். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, ஆனால் ஒன்றுகூட எழுத்தாக இல்லை. யாரோ விளையாட்டுக்கு ஜார்ஜிய மொழியில் அச்சடித்து வாசலில் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். மருத்துவமனையில் மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். பேச்சு போகவில்லை, கைகால் போகவில்லை. எழுதக்கூட முடிகிறது. தன் பெயரை எழுதுவார், எழுதியதை அவரால் படிக்க முடியாது.

"எல்லாப் புத்தகமும் எனக்கு இப்ப மொழிபெயர்க்காத புத்தகம் ஆயிடுச்சு" என்றார். "அலமாரிக் கைப்பிடி வரைக்கும் படிச்சிருந்தேன். அதுக்கு மேல நானா சொன்னது."

தாளை மாதாமாதம் நகர்த்தி வைத்ததும் அவர்தான், குத்துமதிப்பாக.

நைரிக்குக் கோபம் வந்தது. நாற்பது வருடம் தாதியாக இருந்தவளிடம் ஆறு மாதம் முழங்கால் என்று கதை விட்டிருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறாரா, பயிற்சிக்குப் போகிறாரா, தனியாகக் குளிக்கிறாரா என்று மடமடவென்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஹேமி மெல்ல, ஒலிப்புத்தகம் கேட்கலாமே ப்ரோ என்றான். அந்த நாவலுக்கு அப்படி ஒன்று இல்லை, தேடிவிட்டேன் என்றார் மர்டோ. மற்ற சில கதைகளைக் கேட்டும் பார்த்திருக்கிறார். படகு ஓட்டிக்கொண்டே ரேடியோ கேட்கிற மாதிரி இருந்ததாம். பக்கத்தைப் புரட்டுகிறது அவர் இல்லை.

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றாள் நைரி.

மர்டோ சுவரோரம் கிடந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "தேநீர் ஊத்த எனக்கு வரும். ஊத்திட்டுச் சும்மா உக்காரத்தான் வராது."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து கோட்டை எடுத்தார். விதி நைரியுடையது. அவள் கூடாது என்றால் கூடாதுதான். அவளோ எல்லோருக்கும் பொதுவான விதியை ஒருவருக்காக வளைப்பது அவரைப் பார்த்து இரக்கப்படுவது மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்கினாள் போலிருக்கிறது. மர்டோ ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டாயிற்று.

எனக்கு அந்த நேரத்திலும் புத்தியில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டேவிட்டேன்.

"மர்டோ, குழந்தைங்க எங்கதான் இருக்காங்க?"

அவர் திரும்பினார். பாதிக் கோட்டோடு நின்றார்.

"எனக்கே இன்னும் தெரியாதும்மா. தபால்காரனுக்குத் தெரியும்னு தோணுது. ஆனா அவன் வாயத் திறக்க மாட்டேங்கிறான். நானும் ராத்திரி பகலா பாத்துட்டிருக்கேன்."

நைரி தன் கோப்பையை ஓசையோடு வைத்தாள். "முடிவு தெரியாதா?"

"தெரியாது."

"சத்தியமா?"

"தெரிஞ்சா ஏன் இவ்ளோ மெதுவா சொல்லப்போறேன்?"

"அப்ப நீ பாதியில இருக்க" என்றாள் நைரி. "இந்த மேசைக்கு அது போதும். கோட்டக் கழட்டு. அடுத்த தடவ உடம்புல எதையாவது எங்கிட்ட மறைச்சேன்னா, அதுக்கு வேற விதி போடுவேன்."

ஹேமி சிரித்துவிட்டான். மர்டோ உட்கார்ந்தார், ஆனால் கோட்டைக் கழற்ற மறந்து ஒரு கையில் மாட்டியபடியே இருந்தார். சீஸ் ரோல் கருகும் வாசனை வந்து நைரி அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

அப்போதுதான் மர்டோ என் பக்கமாகக் குனிந்தார். நூலகப் பிரதியை ஒரு விரலால் தொட்டார்.

"ஏம்மா ப்ரைடி. அந்தக் கதவ அவ திறந்தா இல்ல? இதுல... உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் குரலை வைத்துத்தான் எனக்கு உறைத்தது. நான் ஆறு மாதமாகக் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன் என்றால், இவர் அதே ஆறு மாதமாக அந்தக் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றிருக்கிறார். விடை அவர் மடியிலேயே, கடல் வரைபட அட்டைக்குள், இரண்டு அங்குல தூரத்தில் இருந்திருக்கிறது. யாரிடமாவது படித்துக் காட்டச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

சொல்லட்டுமா, படிக்கட்டுமா என்று கேட்டேன். படி என்றார். நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். தினாத்தின் கைப்பிடியைத் திருகுகிறாள். கீல் முனகுகிறது. உள்ளே, பழைய வருகைப் பதிவேட்டுத் தாள்களைக் கிழித்துக் கட்டிய கூட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. அது அவளைப் பார்க்கிறது. அவள் கதவை மெதுவாகச் சாத்திவிடுகிறாள். அத்தியாயம் முடிந்தது.



"கோழியா?" என்றார் மர்டோ.

"கோழிதான்."

"பூட்டின அலமாரிக்குள்ள அது எப்படிப் போச்சு?"

அதை எழுதியவர் சொல்லவில்லை என்றேன். பின்னால் எங்காவது வருகிறதா என்று கேட்டார். வக்கீல்தான் வருகிறார் என்றேன். மர்டோவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய அலமாரியைக் கதையில் வைத்துவிட்டு இப்படியா செய்வது என்று ஹேமியிடம் முறையிட்டார். ஹேமிக்கோ கோழி ரொம்பப் பிடித்துவிட்டது. குழந்தையே இல்லாத ஊரில் அது ஒன்றாவது குஞ்சு பொரிக்கப் போகிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்றான். கையுறையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள் நைரி, கருகிய தட்டோடு வந்து நின்றபடி. மூவரும் பேசிக்கொண்டே போக, அன்று ஹேமியின் செங்கலுக்கும் நைரியின் புத்தகத்துக்கும் முறையே வரவில்லை.

மதியம் நானும் மர்டோவும் சேர்ந்து குன்றிறங்கினோம். மழை விட்டிருந்தது. பாதையில் ஈரம் இருந்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வந்ததும் நின்றார்.

"அந்தக் கோழி என்ன நிறம்?"

நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன். போடவில்லை என்றேன்.

"போடலையா?" மர்டோவின் முகம் மாறியது. துறைமுகத்தில் அடுக்கியிருந்த மரங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப அது கறுப்பு" என்றார். "கால்ல ஒரு நூல் கட்டியிருக்கு. சிவப்பு நூல். சின்னப் பிள்ளைங்க கட்ற மாதிரி, முடிச்சு சரியா விழாம."

பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. யார் கட்டியது என்று கேட்டேன். மர்டோ, அதைத்தான் தானும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஓட்டுநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏறுகிறாயா இல்லையா என்று என்னைக் கேட்டார். அடுத்த பேருந்தில் வருகிறேன் என்றேன்.