மாயக்காளின் சாட்சியம்

பிற்பட்ட வகுப்பாரின் நிலையை விசாரிக்கக் கமிஷன் திண்டுக்கல்லுக்கு வருகிறது என்று தலையாரி சொன்ன நாளிலிருந்து, அகரம் பொம்மையன் குடகனாற்றில் துணி துவைத்துக்கொண்டே பேசிப் பழகினான். வண்ணார்கள் சார்பில் அவன்தான் பேசவேண்டும். பழகிப் பழகி, போகவேண்டிய அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"பேசாம வாங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள் அவன் பெண்டாட்டி மாயக்காள்.

பயணியர் மாளிகையில் நீள மேஜைக்குப் பின்னால் வடக்கத்திப் பெரியவர்கள் இருந்தார்கள். மொழிபெயர்க்கும் அதிகாரி நாற்காலியைக் காட்டினார். "வாங்கம்மா, உக்காருங்க."

மாயக்காள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. தன்னைத்தான்! ஊரில் நண்டும் சிண்டும்கூட 'ஏ மாயி, வாடி' என்றுதான் கூப்பிடும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

அந்த 'ங்க'வில் மறுபடியும் குலுங்கினாள். "கோவிச்சுக்கிறாதீக சாமி. பொறந்ததுலருந்து யாரும் எனக்கு இம்புட்டு மரியாதை குடுத்ததில்ல. கூச்சமா இருக்கு."

அதிகாரி இங்கிலீஷில் சொன்னார். பெரியவர்கள் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஊரு அழுக்கெல்லாம் நாங்க வெளுக்கிறோம். பொழுது சாஞ்சா வீடுவீடா சட்டி ஏந்தி சோறும் வெஞ்சனமும் வாங்குறோம். எம் மக பேச்சாயி படிக்கட்டும் சாமி. அவ சட்டி தூக்கக் கூடாது."

வெளியே வந்ததும் பொம்மையன் கம்மிய குரலில், "காப்பி சாப்புடுறீங்களா?" என்றான். அவ்வளவுதான். இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ் போய்விட்டது. தாடிக்கொம்பு ரோட்டில் நடந்தார்கள்.

"முள்ளு கெடக்கு, பாத்து வாங்க."

"நீங்க மொதல்ல போங்க."

எதிரே வந்த வண்டிக்காரன், குடித்திருக்கிறார்கள் என்று மாட்டை ஒதுக்கி ஓட்டினான்.

சாயங்காலம் சோறு வாங்கச் சட்டியோடு போனபோது பெரிய வீட்டம்மா வாசலில் நின்று கேட்டாள். "எங்கடி போன?"

"கமிஷனுக்கும்மா. அங்க என்னைய வாங்கன்னு கூப்பிட்டாக."

"நானும் கூப்பிடணுமோ?"

"கூப்பிட்டா நல்லாத்தான் இருக்கும்மா."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அன்று மூவருக்கும் கேப்பைக் கூழ்தான். அதையும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள்.

கமிஷன் எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்றென்று அகரத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்த அதிகாரி சொல்லிக்கொடுத்தபடி மனுப் போட்டதில், ஜூன் மாதம் பேச்சாயிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவதில் சலுகை கிடைத்தது. ஹைஸ்கூலில் சேர்ந்த முதல் நாள், மாயக்காள் வெளுப்பை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். வாத்தியார் விரட்டினார். அடுத்த ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டாள்.