ஊமைக்கோட்டான் ஏறிய கோபுரம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலை நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் மட்டும் பின்னால் போங்கள், அது ஒட்டுவாரொட்டி. வாயே திறக்காத ஒரு பிள்ளை ஊர் சுற்றிப் பார்க்கப் போய், ஒரு கூட்டத்தையே மூச்சு வாங்க வைத்த கதையைச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கை பேசும், வாய் பேசாது. அதனால் ஊமைக்கோட்டான் என்று பெயர். ஒருமுறை மேடையேறி மைக்கைப் பிடித்தவன், வணக்கத்தில் ‘வ’ மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான். அன்றைக்குப் பெயர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அவனுடைய அத்தை மகளுக்குத் தையல் கடையில் வேலை. அவளை வாயாடி என்பார்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிவிடுவாள்.

இரண்டு பேரும் வெளியூரில் நடந்த இளைஞர் மாநாட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு வழக்கம். கடைசி நாள் சாயங்காலம் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மேடையேறி, அந்த நகரத்தில் தன் மனசுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி நன்றி கூற வேண்டும். இவர்கள் குழுவில் யார் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். யார் பெயர் வந்தது என்கிறீர்கள்? நீங்கள் நினைத்த பெயர்தான்.

“வேற யாராவது பேசட்டுமே” என்று முனகினான்.

“பேசட்டும் அத்தான். ஆனா நாளைக்கு உங்க பேரப்பிள்ளைங்க ஊமைக்கோட்டான் தாத்தான்னு கூப்பிடும். பரவாயில்லையா?”

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த முறையும் வாயடைத்து நின்றால் ஆயுசுக்கும் அந்தப் பெயர்தான். பேசியே ஆக வேண்டும். பேசுவதற்கு எதையாவது பார்த்தாக வேண்டும்.

கடைசி நாள் காலையில், மாநாட்டுக்கென்று அத்தை வாங்கிக் கொடுத்த புது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மாநாட்டுத் தொண்டர் பெண் ஒருத்தி சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்க, கூட்டம் பின்னால் போனது. முதலில் அருங்காட்சியகம். எல்லோரும் பழைய வாளையும் கேடயத்தையும் பார்க்க, இவன் மூலையில் இருந்த சரக்கு லிஃப்டின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இவ்வளவு தூரம் வந்து கதவையா பாக்கறீங்க?”

மற்றவர்களிடம் வராத வாய் அவளிடம் மட்டும் வரும். “நீ மட்டும் என்னவாம்? சிலைக்குக் கழுத்துப்பட்டி கோணல்னு கல்லைத் தடவிப் பார்த்தது யாரு?”

“கல்லுன்னா கோணலா தைக்கலாமா அத்தான்?”

அடுத்தது கோபுரம். மேலே போனால் நகரம் முழுவதும் தெரியும். லிஃப்டில் அடித்துப் பிடித்து ஏறினார்கள். லிஃப்ட் கிளம்புவதற்கு முன்னே அவனுக்குச் சாயங்கால மேடை நினைவுக்கு வந்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

கீச்.

அவன் காது விடைத்தது. லிஃப்டின் பக்கவாட்டில் காதை வைத்தான். மறுபடி, கீச்.

“எல்லாரும் இறங்குங்க! கம்பி வடத்துல கோளாறு!”

ஊமைக்கோட்டான் போட்ட சத்தத்தில் வாயாடியே வாயைப் பிளந்தாள். லிஃப்ட் ஓட்டுகிற பெரியவருக்குக் கோபம். “நேத்துதான் தம்பி முழுசா பார்த்துட்டுப் போனாங்க.”

“எனக்கு இதுதாங்க வேலை. என் காது தப்பாது.”

அடித்துச் சொன்னால் யார்தான் ஏறுவார்கள்? கூட்டம் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. சுழன்று சுழன்று ஏறும் படி. பாதியில் ஒரு சமையல்காரப் பையன் சுவரோடு சாய்ந்துவிட்டான். ஒரு நர்ஸ் பெண் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மாநாடு தொடங்கியதிலிருந்து ஒருவருக்கொருவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர்கள், பையை வாங்கிக்கொண்டும் கையைக் கொடுத்து இழுத்துவிட்டுக்கொண்டும் ஏறினார்கள். முன்னால் நம் பிள்ளை.

கீச். கீச். கீச்.

வாயாடி நின்றாள். “அத்தான், லிஃப்ட் நம்ம கூடவே படியேறி வருதா?”

“என்ன உளர்றே?”

“ஒரு படி ஏறுங்க.”

ஏறினான். கீச்.

“இன்னொண்ணு.”

கீச். அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், காலும் அப்படித்தான் போலிருக்கிறது. படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு எழுந்து கீழே வரை உருண்டு போனது. பிள்ளையின் முகம் குடையைவிடச் சிவந்துவிட்டது.

உச்சியில் அந்த லிஃப்ட் பெரியவர், ஜம்மென்று லிஃப்டில் வந்து காத்திருந்தார். “வாப்பா. இறங்கும்போது ஷூவைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ஏறு.”

அவ்வளவு உயரம் ஏறியும் அவன் நகரத்தைப் பார்க்கவில்லை, வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மத்தியானச் சோறும் இறங்கவில்லை. “நான் பேசலை. இருக்கிற பேரே போதும்” என்றான்.

வாயாடி அவனைத் தன் பக்கம் திருப்பினாள். அவன் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்ததைப் பார்த்து, ஊசி நூலை எடுத்து இறுக்கித் தைத்தாள். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, “பொத்தான் விழாது. போங்க” என்றாள்.

சாயங்காலம் பெயரைக் கூப்பிட்டார்கள். போனான். மண்டபம் நிசப்தம். மரப்பலகை மேடை.

கீச். கீச். கீச்.

படியேறிய கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தெரியாதவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைக் முன்னால் நின்றான். பழைய ‘வ’ நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயாடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“வ... பயப்படாதீங்க. லிஃப்ட் இல்லை, நான்தான்.”

மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவனுக்கு மூச்சு வந்துவிட்டது.

“உங்க ஊர்ல நான் ஒண்ணும் சரியா பாக்கலைங்க. கதவைப் பாத்தேன், ஷூவைப் பாத்தேன். ஆனா லிஃப்ட்ல போயிருந்தா நாங்க எல்லாரும் கதவையே பாத்துக்கிட்டு நின்னிருப்போம். படியில போனதால ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். லிஃப்ட்காரன் நான் இதைச் சொல்லக்கூடாது. உங்க ஊர்ல எனக்குப் பிடிச்சது படிக்கட்டு. நன்றிங்க.”

இறங்கி வந்தவனிடம் அந்தச் சமையல்காரப் பையன் கை குலுக்கினான். வாயாடி மட்டும் உதட்டைச் சுழித்தாள். “எல்லாம் சரி. வணக்கத்துல ‘ணக்கம்’ எங்க அத்தான்?”

“அது அடுத்த மாநாட்டுக்கு.”

“ஷூவுக்கு எண்ணெய் போட்டுத் தரட்டா?”

“வேண்டாம்” என்றான். “கத்தட்டும்.”

கதை இவ்வளவுதான், கண்ணுங்களா. உங்கள் வீட்டுக் கதவும் ஓயாமல் கீச்சிடட்டும். வருகிறவரும் போகிறவரும் இருந்தால்தானே கதவுக்குச் சத்தம்? அந்தச் சத்தம் குறையாமல், பேசத் தயங்குகிற பிள்ளையைச் சீண்டிவிட ஓர் ஆளும், விழப்போகும் பொத்தானை இறுக்க ஒரு கையும் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.