டேங்க்கை விட்டு ஏறியதும் ஒரு மிஸ்டு கால்

என் அண்ணன் வெள்ளைத்துரையைக் கப்பல் வேலைக்கு அனுப்பியதற்கு அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான்: சுற்றிலும் தண்ணீர், தீப்பிடித்தாலும் அணைத்துவிடலாம். எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆலைக்குப் போகிறவளுக்குத் தீயைத் தவிர வேறெதுவும் ஆபத்தாகத் தெரியாது.

நான் விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறேன். லீவு நாளில் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் போவேன். போன மாதம் அங்கே கப்பல்களுக்கான பாதுகாப்புப் போஸ்டர் அச்சில் ஓடியது. காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்காதே. ஆபத்து என்று தோன்றினால் மறுக்க உனக்கு உரிமை உண்டு. நான்கு கலரில் உரிமை நன்றாகவே விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். கப்பல் துபாய்ப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது.

“ஏலே, நாளைக்குக் காலையில டேங்க்குக்குள்ள இறங்கிக் கழுவணுமாம். காத்து பாக்குற மீட்டரு ரிப்பேரு. உள்ள விஷவாயு நின்னாலும் தெரியாது.”

“இறங்காதண்ணே. மறுக்கலாம்னு போஸ்டர்லயே போட்டிருக்கு.”

“அந்தப் போஸ்டரு டேங்க் வாசல்லதான் ஒட்டியிருக்கு. கீழ அச்சாபீசு பேரோட சிவகாசின்னு பாத்ததும் ஊரு ஞாபகம் வந்துருச்சுலே.”

“மறுத்தா என்ன செய்வாக?”

“ஒண்ணுஞ் செய்ய மாட்டாக. அடுத்த துறைமுகத்துல மரியாதையா இறக்கி விட்டுருவாக. அப்புறம் எந்தக் கப்பலுக்கும் கூப்பிட மாட்டாக.”

அம்மா போனைப் பிடுங்கினாள். “ராசா, ஒங்க கப்பலுக்குச் சோதனை போட ஆபீசரு வர மாட்டாரா?”

“வருவாரும்மா. அன்னைக்குப் பக்கத்துக் கப்பல்லருந்து மீட்டரு வாங்கியாந்து வச்சிருவாக.”

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆலையில் நான்கு பேருக்கான அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து மருந்து அடைப்பார்கள். ஆபீசர் வருகிற நாளில் மிச்சப் பேர் கருவேலங்காட்டுக்குள் இருப்பார்கள். அம்மா எப்போதும் மிச்சம்.

இறங்காதே என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். தனக்கே ஒருநாளும் அவள் சொல்லிக்கொண்டதில்லை.

“மேல ஏறுனதும் மிஸ்டு கால் குடு ராசா. ஒரே ரிங்கு. நான் எடுக்க மாட்டேன்.”

அவனை அனுப்பிய சென்னை ஏஜென்டுக்கு நான் போன் போட்டேன். “பயப்படாதீங்க தம்பி, எங்களுக்குப் பாதுகாப்புதான் முதல்ல. போஸ்டரே ஒட்டியிருக்கோமே” என்றார்.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. அவளுடைய அறை அன்று சட்டத்துக்கு ஓர் ஆள் நெருங்கி வந்தது.

செல்போனை முக்காலியில் வைத்து, இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். மதியச் சோற்றை யாரும் தொடவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. அண்ணன் நம்பர்.

“ஏறிட்டான்லே!” அம்மா கும்பிட்டாள்.

இரண்டாவது ரிங்.

“வச்சிரச் சொன்னேனே. எடுத்துட்டா காசு போகும்னு தெரியல பாரு இவனுக்கு.”

மூன்றாவது.

கும்பிட்ட கையை அம்மா இன்னும் இறக்கவில்லை. “கட் பண்ணச் சொல்லுலே அவன” என்றாள்.

எடுத்தால்தான் சொல்ல முடியும். போன் அடித்துக்கொண்டே இருந்தது.