சொரூபத்தின் கீழே ஒரு கான்

புயல் வரப்போகிறது, ஒருவரும் கடலுக்குப் போகக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மத்தியானமாகியும் புயலைக் காணவில்லை. வேலையில்லாத ஆம்பிளைகளை மூன்று நாள் வீட்டுக்குள் வைத்திருப்பதைவிடப் புயலே மேல் என்று சுருவில் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். பஸ்ரியாம்பிள்ளையின் வீட்டில் பிரான்சிலிருந்து தம்பிக்காரன் அனுப்பிய பெரிய ரீவி இருந்தது. அயலில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேர் சோறு தின்ற கை காயமுதல் அங்கே வந்து குந்திவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தப் படம் போட்டார்கள். இந்தியாவில் எடுத்தது. பணக்கார வீட்டுப் பெட்டை ஒருத்தியும் மீன்பிடிக்கிற பெடியன் ஒருவனும் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். நடுக்கடலில் படகு தாழ்கிறது. மிதந்து வந்த நீலப் பீப்பாய் ஒன்றின்மேல் அவளை ஏற்றி வைத்துவிட்டு, அவன் கையை விட்டுத் தாழ்ந்துபோகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் அது ஓடிய நாளிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பஸ்ரியாம்பிள்ளையின் கடைக்குட்டி கிறேஸ் மூன்று தரம் பார்த்து மூன்று தரமும் அழுதவள். பாதர்கூட ஒரு பிரசங்கத்தில் அந்தக் கடைசிக் கட்டத்தைச் சொல்லி, தியாகம் என்றால் அதுதான் என்றார். கடலுக்குப் போகிறவர்களோ, பாதர் மலைநாட்டுக்காரர், அவருக்கு என்ன தெரியும் என்று வெளியே வந்து சிரித்தார்கள்.

பஸ்ரியாம்பிள்ளையின் மருமகள் துஷாந்தி மட்டும் இன்னும் பார்க்கவில்லை. அவள் பார்க்கக்கூடாது என்று எல்லாரும் தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். பதின்மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய புருஷன் ஷாருஜன் கடலில் போனவன். அன்றைக்கு அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தாள். எழும்பிப் போ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

துஷாந்தி வேலணையில் தோட்டம் துரவோடு இருந்த அம்பலவாணரின் மகள். கடலுக்குப் போகிறவனைக் கட்டி, கிறிஸ்து வேதத்துக்கும் மாறினாள் என்று அறிந்த அன்றைக்கே தகப்பன் அவளைத் தலைமுழுகிவிட்டார். பஸ் ஏறினால் கால் மணித்தியாலம். ஆனால் அந்த வீட்டுப் படலை அவளுக்குத் திறக்காது. அதனால் ஷாருஜன் போன பிறகும் இந்த வீடுதான் அவளுக்கு வீடு. இந்த வீட்டில் அவள் உயிரோடு நடமாடியது ஒரு கதையை நம்பி.

அந்தக் கதையைக் கொண்டுவந்தவன் ஷாருஜனின் தமையன் அமலதாஸ். இரண்டு பேரும்தான் அன்றைக்கு நயினாதீவுக்கு மேற்கே வலை விடப் போனவர்கள். பெருங்காற்றில் போட் தண்ணீருக்குள் கிடந்த கற்பாரில் அடிபட்டுப் பிளந்து தாழ்ந்துவிட்டது. கையில் அகப்பட்டது வெறுமையான மண்ணெண்ணெய்க் கான் ஒன்று. 'கான் ரெண்டு பேரைத் தாங்கேல்லை. நீ போ அண்ணை, துஷாந்தியைப் பார் எண்டு சொல்லிப்போட்டுக் கையை விட்டவன்.' அமலதாஸ் விறைத்துப்போய்க் கரை சேர்ந்து சொன்னது இதுதான். மூன்றாம் நாள் உடல் நெடுந்தீவில் ஒதுங்கியது. சவப்பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த மஞ்சள் கானை மாமி சூசையம்மா மாதா சொரூபத்தின் கீழே வைத்தாள். சனிக்கிழமைதோறும் துஷாந்தி அதைத் துடைத்து வைப்பாள். துடைக்கும்போது அவனுடைய கையைத் தொடுவதாகவே அவளுக்கு இருக்கும். போன கிழமை, அமலதாஸைக் கட்டச் சம்மதம் என்றும் சொல்லிவிட்டாள். அவன் பொல்லாதவனில்லை. பிள்ளையைத் தோளில் காவித் திரிவான். நல்ல மீனென்றால் முதலில் அவளுக்குத்தான் தருவான். எல்லாவற்றுக்கும் மேலே, துஷாந்தியைப் பார் என்று செத்தவன் சொன்ன சொல் இருந்தது. தை மாதம் முதல் ஞாயிறு கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிப்பதாக இருந்தது. அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு வேறு சொல்தான் இன்னும் வரவில்லை.

படத்தில் பெடியன் தாழ்ந்தான். பெண்கள் மூக்கைச் சீறினார்கள். துஷாந்திக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. ஆனால் அது நோகிற கண்ணீரில்லை. தன்னுடைய மனுசன் செய்ததை ஊர் உலகமெல்லாம் பார்த்து அழுகிறது என்று ஒரு பெருமை. அமலதாஸ் வாசற்படியில் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விழாத மழையைப் பார்த்தபடி இருந்தான்.

"நல்லாய் இருக்குது கூத்து," என்று ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்தார்.

"உங்களுக்கெல்லாம் மனம் எண்டு ஒண்டு கிடக்கோ?" என்று கிறேஸ் சீறினாள். "அந்தப் பெடியன் உயிரைக் குடுக்கிறான், நீங்கள் இளிக்கிறியள்."

பஸ்ரியாம்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. ஐம்பது வருஷம் கடலில் கிடந்த மனுசன். பெண்சாதியைப் பற்றிப் பிழையாகச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கடலைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

"உயிரைக் குடுக்கிறானோ? விசரன்! எறிஞ்சுபோட்டுப் போறான்."

"வேறை என்ன செய்யிறது ஐயா? ஒராளைத்தானே தாங்கும்."

"ஆர் சொன்னது?" அவர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "உந்தப் பீப்பாய் நாலு பேரைத் தாங்கும். மேலை ஏறினால்தான் பிரளும். தண்ணிக்குள்ளை நிண்டு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சால் விடியுமட்டும் கிடக்கலாம். பீப்பாய் என்ன பீப்பாய், எங்கடை இருபது லீட்டர்க் கானே ரெண்டு பேரை வடிவாத் தாங்கும். சின்னப் பெடியளுக்கும் தெரிஞ்ச விசயம், படம் எடுக்கிறாங்களாம் படம்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நின்றவர் நின்றபடியே நின்றார். ரீவியில் யாரோ சவர்க்காரம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கிறேஸ்தான் கேட்டாள், மெதுவாக. "அப்ப... சின்னண்ணை?"

துஷாந்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடலுக்குப் போகிற அத்தனை பேரும் முதலில் சொரூபத்தின் கீழே இருந்த கானைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவர்களுக்கு அந்த முதல் நாளிலிருந்தே தெரியும். பெட்டியைத் தூக்கும்போது தெரியும். வருஷத் திவசப் பூசைக்கு வந்து அவள் கையால் சோறு வாங்கித் தின்னும்போதும் தெரியும். தோட்டக்காரன் மகள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

"அது பழங்கான், பிள்ளை," என்று சூசையம்மா அவசரமாகச் சொன்னாள். "மூடி இறுக்கமில்லை. தண்ணி உள்ளை போயிருக்கும்."

ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்தவள் மற்றவனை ஊர் வாய்க்குக் கொடுப்பாளா? பெற்ற மனம் பித்து. ஆனால் அந்த மூடியைத் துஷாந்தியைவிட நன்றாக அறிந்தவர் யார்? உள்ளே கழுவலாம் என்று எத்தனை சனிக்கிழமை திருகிப் பார்த்திருப்பாள். ஒரு நாளும் அசைந்து கொடுத்ததில்லை.

அவள் பிள்ளையைக் கிறேஸின் மடியில் வைத்தாள். சொரூபத்தின் கீழிருந்து கானை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, வாங்கோ."

"எங்கை?" என்றான் அமலதாஸ். கேட்டானே தவிர, கேட்கும்போதே எழும்பிவிட்டான்.

அந்தக் கரையில் கடல் அரைமைல் போனாலும் இடுப்புக்கு மேல் வராது. போட் ஓடுகிற ஓடையில் மட்டும் ஆள் தாழும். காற்று இன்னும் எழும்பவில்லை. வானமும் தண்ணீரும் ஒரே ஈய நிறம். சட்டையோடு அவள் முன்னே நடந்தாள், அவன் பின்னே. வீட்டிலிருந்த அத்தனை பேரும் கரையில் வந்து நின்றார்கள். "பிள்ளை, உமக்கு நீந்தத் தெரியாது!" என்று பஸ்ரியாம்பிள்ளை கத்தினார். அவள் திரும்பவில்லை.

ஓடையில் கால் நிலத்தை விட்டது. உப்புத்தண்ணீர் வாய்க்குள் போனது. பயத்தில் உயிரே போவதாக இருந்தது அவளுக்கு. கானின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்கள் மற்றப் பக்கம் பிடியுங்கோ."

அவன் பிடித்தான். கான் கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு பேருடைய தலையும் தண்ணீருக்கு மேலே இருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கான் அப்படியே கிடந்தது. மஞ்சள் பிளாஸ்ரிக்கின் அந்தப் பக்கத்தில் அமலதாஸின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"தாங்குது," என்றாள்.

"நான் மேலை ஏறிக் கிடந்தனான்," என்றான். "தாங்கும் எண்டு தெரியும். தெரிஞ்சும் இறங்க ஏலாமல் போச்சு. இருட்டு, துஷாந்தி. உமக்குத் தெரியாது. அவன் நீந்தி வந்து பிடிச்சான், கான் பிரளப் பார்த்தது. என்ரை காலைப் பிடிச்சான்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உதைச்சனான்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்."

"துஷாந்தியைப் பார் எண்டு சொன்னவரோ?"

"இல்லை."

"பின்னை என்ன சொன்னவர்?"

"அண்ணை எண்டு மட்டும்தான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. படத்துக்கு அழுத கண்ணீர் இதற்கு வரவில்லை. பதின்மூன்று மாதம் அவள் நெஞ்சில் வைத்துக் கும்பிட்ட ஷாருஜன், சிரித்துக்கொண்டு கையை விட்ட ஷாருஜன், இப்போதுதான் செத்தான். மிஞ்சியவன் தமையனின் காலைப் பிடித்துக்கொண்டு உயிருக்குக் கெஞ்சிய இருபத்தேழு வயதுப் பெடியன். அவனுக்குச் சாக விருப்பமிருக்கவில்லை. அவளுக்காகவும் பிள்ளைக்காகவும் அவன் சாகவில்லை. உயிரோடு வீட்டுக்கு வரத்தான் பார்த்தான்.

எதிர்ப்பக்கத்தில் கான் இலேசானது. அமலதாஸின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. கண்ணை மூடியிருந்தான். அவன் முகத்தில் ஒரு அமைதி வந்ததைக் கண்டதும் அவளுக்கு உச்சியில் ஏறியது கோபம்.

ஒரு கையை விட்டு அவனுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். "பிடியுங்கோ!" என்று கத்தினாள். "சாகிற எண்ணமெல்லாம் வேண்டாம். உங்களுக்காக நான் அழமாட்டன். என்ரை பிள்ளை கரையிலை நிக்குது, என்னைக் கொண்டுபோய் விடுங்கோ. ரெண்டு பேரையும் தாங்கும் எண்டு தெரியும்தானே? பிடியுங்கோ!"

அவன் பிடித்தான். காலால் தண்ணீரை உதைத்து உதைத்துக் கானைத் தள்ளிக்கொண்டு வந்தான். கால் நிலத்தில் பட்டதும் அவள் அவனை விட்டு நடந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அவள் கானை அவருக்கு முன்னால் தள்ளினாள்.

"நீங்கள் சொன்னது சரி, மாமா. வடிவாத் தாங்குது."

அவர் கையை நீட்டவில்லை. அவள் கரையேறி, கிறேஸின் இடுப்பிலிருந்து மகளை வாங்கினாள். "அம்மா நனைஞ்சு போனா," என்றது பிள்ளை. ஓம் என்றாள். திரும்பிப் பார்த்தபோது தகப்பனும் மகனும் தண்ணீருக்குள் அப்படியே நின்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கான் மிதந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.