கிண்ணத்தின் விளிம்பு

எதிரணிப் பக்கம் ரெய்டு போன பெண் கணுக்கால் பிசகி வெளியே வந்து உட்கார்ந்ததும், கேப்டன் பவ்யா திரும்பி சஹரைத்தான் பார்த்தாள். அண்ணனூர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் இன்னும் தணிந்திருக்கவில்லை. மகளிர் கபடி இறுதி ஆட்டம். ஆவடி அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. மிச்சமிருந்தது கடைசி ரெய்டு, அது சஹரின் மண்ணூர்பேட்டை அணியுடையது. சஹர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

“எறங்குறியாடி? வலி கீதா?”

“கீது. ஆனா அது எங்க கீதுன்னு இப்ப எனக்குத் தெரியும்.”

போன வருடம் அது யாருக்கும் தெரியவில்லை. பூந்தமல்லியிலிருந்து வேலைக்கு வரும்போது ஷேர் ஆட்டோவில் காலை மடக்கி ஏறினால் இடது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும். தொழுகையில் உட்கார்ந்து எழுந்தால் உள்ளே எதுவோ சிக்கி விடுபடும். ஒரு டாக்டர் தசைப்பிடிப்பு என்றார், இன்னொருவர் முதுகுத்தண்டு என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அம்மா அஷ்ரஃபுன்னிசா தைலம் தேய்த்துவிட்டு, “ஆடுனது போதும், வுட்டுடு” என்பாள். ஆட்டத்துக்குப் பயந்து நடிக்கிறாள் என்று அணிக்குள்ளேயே பேச்சு வந்தது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். வலி நிஜம்தானா என்று தனக்கே சந்தேகம் வந்துவிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர் மூட்டுக்குள் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, அது உட்காரும் குழி கிண்ணம் மாதிரி. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, பந்து நழுவாமல் பிடித்துக்கொள்ள, ரப்பர் வாஷர் போல மெத்தென்று ஒரு வளையம். சஹருக்கு அந்த வளையம் முன்பக்கம் கிழிந்திருந்தது. பந்துக்குக் கீழே எலும்பு பிறவியிலேயே கொஞ்சம் புடைப்பு. காலை ஆழமாக மடக்கி உள்பக்கம் திருப்பும்போதெல்லாம் அந்தப் புடைப்பு விளிம்பை நசுக்கியிருக்கிறது.

சஹர் சிரித்துவிட்டாள்.

“நான் நல்ல சேதி சொல்லலையேம்மா” என்றார் டாக்டர்.

“இல்ல சார். நான் பொய் சொல்லலன்னு இதுல தெரியுதில்ல.”

அந்தப் படத்தை செல்போனில் பிடித்து பவ்யாவுக்கு அனுப்பினாள். பவ்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அன்று மாலையே பூந்தமல்லிக்கு வந்து, வெகுநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

முதலில் பயிற்சி, சரிவரவில்லையென்றால் துளைபோட்டு ஆபரேஷன் என்று முடிவானது. பிசியோதெரபிஸ்ட் சபீனா ரப்பர் பட்டையைக் கட்டி மாதக்கணக்கில் அவளை நடக்கவும் இடுப்பைத் தூக்கவும் வைத்தாள்.

“கிழிசல் தானா ஒட்டாது சஹர். சுத்தியிருக்கிற தசைக்கு பலம் ஏத்தலாம். ஆனா அந்தச் சுழல் உதைய விட்ருங்க.”

அந்த உதைதான் சஹரின் பேரே. இடது காலை மடக்கி, உடம்பைச் சுழற்றி, எதிரணியின் மூலையில் நிற்பவளைக் குதிகாலால் தொட்டுவிட்டு வருவாள்.

“அத வுட்டா நான் யாருக்கா?”

“அது எனக்குத் தெரியாது. ஆடித்தான் பாக்கணும்” என்றாள் சபீனா.

இப்போது சஹர் நடுக்கோட்டைத் தாண்டினாள். “கபடி, கபடி” என்று மூச்சு சீராக ஓடியது. ஒருத்தியைத் தொட்டுத் திரும்பினால் சமம். பிடித்துக்கொண்டவர்களையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டுவிட்டால் வெற்றி. மூலையில் நின்ற ஆவடி அணியின் சாவித்திரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதையை அவள் முன்பு விலாவில் வாங்கியிருக்கிறாள். சஹருக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. இவர்களுக்கு எதுவும் தெரியாது. பழைய சஹருக்காகவே காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உதைக்கப் போவதுபோல, இடது காலை ஊன்றித் தோளை மட்டும் பாதி திருப்பினாள். சாவித்திரி விருட்டென்று பின்னால் துள்ளினாள். பக்கத்தில் கைகோத்து நின்றவளின் பிடி விட்டுப்போனது. அந்த இடைவெளியில், சபீனா சொல்லிக்கொடுத்தபடி இடுப்பை ஒடிக்காமல், வலது காலில் பாய்ந்து சஹர் நீட்டிய கை அந்தப் பக்கத்துக்காரியின் தோளில் அறைந்தது. மைதானமே கூச்சலிட்டது. அவள் திரும்பி ஓடினாள்.

கோடு எட்டும் தூரத்தில் இருக்கும்போது சாவித்திரி பாய்ந்து அவளுடைய இடது கணுக்காலைப் பிடித்தாள். மேலே ஒருத்தி விழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி. கால் பின்னால் நீண்டு இழுபட்டது. தொடை இடுக்கில் வலி வந்தது. புதுசா, பழசா? பழசுதான், அவளுக்குத் தெரிந்த வலிதான். அந்த நிம்மதியில், மூச்சை விடாமல் முழங்கையால் மண்ணைத் தோண்டி முன்னால் நகர்ந்தாள். “கபடி” என்பது தொண்டைக்குள் வெறும் முனகலாகிவிட்டது. இடுப்பு தாங்கியது. இன்னும் ஒரு சாண். கையை வீசினாள்.

விசில் ஒலித்தது.

அதே நேரம் மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தில் மின்சார ரயில் ஒன்று தடதடவென்று கடந்தது. நடுவர் குனிந்து எதையோ உரக்கச் சொன்னார், உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பவ்யா இரண்டு கைகளையும் தலையில் வைத்தபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். முதுகில் மூன்று பேரின் மூச்சு ஏறி இறங்க, சஹர் மண்ணில் கன்னம் பதித்து, நீட்டிக் கிடந்த தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் வெள்ளையாக நடுக்கோட்டுச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ரயிலின் பெட்டிகள் இன்னும் முடியவில்லை.