நாமே பார்த்துக்கொள்வோம்

குடியிருப்பின் மாடிப்படிச் சுவரில், அங்கே வசிக்கும் பேருந்து ஓட்டுநர் ஒரு தாளை ஒட்டினார்: ‘நம் தேவைகளை நாமே பார்த்துக்கொள்வோம். ஞாயிறு மாலை மொட்டைமாடிக்கு வாருங்கள்.’ சேர்ந்து மாடியில் காய்கறித் தோட்டம் போடலாம், பழுதானதைத் தூக்கியெறியாமல் சரிசெய்யலாம் என்பது அவர் எண்ணம்.

மறுநாளே கீழ்வீட்டு நர்ஸம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வழிமறித்தார். “ஏன் சார், இனிமே உங்க அம்மாவுக்கு ஊசி போட நான் வர வேணாமா?”

“ஐயோ, யாரு அப்படிச் சொன்னது?”

“நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க, அவங்கவங்க பாட்டை அவங்கவங்களே பாத்துக்கணும்னு!”

“நாமன்னா எல்லாரும் ஒரு குழுவா சேர்ந்துங்க.”

“அதைத்தானே இத்தனை நாளா பண்ணிட்டிருக்கோம்? அப்புறம் குழு எதுக்கு?”

ஓட்டுநர் வீட்டுக்குப் போய், தாளைப் படித்ததும் என்ன புரிந்தது என்று மனைவியிடம் கேட்டார். “நான்கூட நீங்க இனிமே உங்க துணியை நீங்களே துவைக்கப் போறீங்கன்னு நெனச்சேன்” என்றாள் அவள்.

ஞாயிறன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பாயும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் மட்டும் வெறுங்கையோடு நின்றார். நர்ஸம்மா சற்று நகர்ந்து, “இங்க உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தார். புதிதாக ஒரு குழுவைத் தொடங்குகிறோமா, இருப்பதற்கே பெயர் வைக்கிறோமா என்று அவருக்குப் பிடிபடவேயில்லை.

“முதல்ல தக்காளி போடலாமா?” என்று மட்டும் கேட்டார்.