செங்கல்லுக்கு அடியில்

வேலை முடிந்து வந்த ரேமண்டின் கையில் ஒரு கோணிச் சாக்கு இருந்தது. அதைப் பார்த்ததுமே அவன் மனைவி சவுந்தரத்துக்குக் கொல்லையில் இருந்த வெள்ளை முயலின் நினைப்புதான் வந்தது. எதற்கு என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

"வெள்ளைச்சி எங்க?"

"ஏங்க, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்ங்க. வேப்பெண்ணெய் தடவியிருக்கேன்."

"தடவிக் கிழிச்ச. வயித்துல முடியே இல்ல. சொறிலா அது, மத்ததுக்கும் ஒட்டிக்கும். கூண்டுல இருந்தவரைக்கும் இப்படிச் சீக்கு, சாக்கிட்னு ஏதாச்சும் வந்துச்சா? எல்லாம் உன் மண்ணால வந்தது."

உன் மண் என்று அவன் குத்திக் காட்டியது, டத்தோ கிராமாட் பகுதியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தைத்தான். ரேமண்ட் துறைமுகக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. முயல்களைக் குட்டியிலேயே வாங்கி, பெட்டிப் பலகையில் செய்த கூண்டுகளில் ஒவ்வொன்றாய் அடைத்து வளர்த்து, பண்டிகைக்கு விற்பான். கூண்டின் அடிப்பக்கம் முழுக்கக் கம்பி. அதில் நின்று நின்று பாதம் புண்ணாகி, ஒரு முயல் தன் காலைத் தானே கடித்துச் செத்தது. அன்று சவுந்தரம் அடுப்பே மூட்டவில்லை. புருஷனை நச்சரித்து, கொய்யா மரத்தைச் சுற்றிக் கம்பிவலை அடைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகத் தரையில் விடவைத்தாள். அவன் லேசுப்பட்ட ஆளா? ஒத்துக்கொண்டபோதே ஒரு கொக்கியும் போட்டான். அடைப்பில் ஓர் உயிர் போனாலும் மிச்சமெல்லாம் கூண்டுக்குத் திரும்பும்.

அதனால் அவளுக்கு எந்நேரமும் தரைமேலேயே கண். மண்ணைப் பறித்து வேலிக்கு அடியில் முயல் வெளியேறிவிட்டால்? எங்கே வளை கண்டாலும் மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே செங்கல் வைப்பாள். நேற்றுக் காலையும் மூலையில் ஒன்றை அப்படித்தான் அடைத்தாள். அப்போதிருந்து வெள்ளைச்சி அந்தச் செங்கல்லையே பிறாண்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போகத்தான் உனக்குப் புத்தி என்று இவளும் அதை வைதிருந்தாள்.

ரேமண்ட் அடைப்புக்குள் நுழைந்தான். மற்ற முயல்கள் சிதறி ஓடின. வெள்ளைச்சி மட்டும் செங்கல்லை விட்டு அசையவில்லை. அதைத் தூக்கிச் சாக்கில் போட்டு வாயைச் சுருட்டினான்.

"தொட்டித் தண்ணியில அமுக்கிடுறேன். நீ உள்ள போ."

அவள் போகவில்லை. அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது. ரேமண்ட் எதை விட்டாலும் திரிகாலச் செபத்தை விடமாட்டான். சாக்கை அவளிடம் கொடுத்து, சிலுவை போட்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

சாக்கு அவள் கையில் உதறியது. கடைசியாக ஒரு தடவை தடவிக் கொடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டாள். முடி உதிர்ந்த வயிறு பிசுபிசுத்தது. சீழோ என்று விரலை வெளியே எடுத்துப் பார்த்தாள். பால்.

அவள் கண் தானாகச் செங்கல்லுக்குப் போனது. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்!

மாதா மன்னிக்கட்டும், அன்று அவள் வாயில் செபம் வரவில்லை. சாக்கின் வாயை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டு, செங்கல்லைப் புரட்டி, தான் மிதித்து இறுக்கிய மண்ணைத் தானே நகத்தால் பறித்தாள். வானம் உறுமியது. அவன் எந்த நொடியும் கண்ணைத் திறப்பான். கை மணிக்கட்டுவரை இறங்கியதும் ஏதோ தட்டுப்பட்டது. கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி, அடைத்த வாசல்வரை ஊர்ந்து வந்து விறைத்துக் கிடந்தது.

அதை எடுத்து இடுப்புச் சேலையில் செருகிக்கொண்டு மறுபடியும் கையை விட்டாள். உள்ளே வெள்ளை முடி பந்துபந்தாக இருந்தது. அதற்கு அடியில் வெதுவெதுப்பாய், கொத்தாய், நெளிந்தன.

"என்ன அங்க?" ரேமண்ட் கண்ணைத் திறந்திருந்தான்.

"குட்டிங்க. சொறி இல்லைங்க இது. இதுங்களுக்கு மெத்தை போடத்தான் தன் முடியத் தானே பிடுங்கியிருக்கா."

அவன் குந்தி உட்கார்ந்து வளைக்குள் எட்டிப் பார்த்தான். அவள் முழங்காலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்து, வாயைத் திறந்துவிட்டான். வெள்ளைச்சி ஒரே தாவில் வளைக்குள் போய்விட்டது.

"எல்லாம் உசிரோட இருக்கா?"

"எல்லாம்."

"அப்ப சரி. கூண்டெல்லாம் உடைச்சு விறகாக்கிடு." எழுந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றான். "அப்புறம் ஏன் அழுவுற?"

"சந்தோஷத்துலதாங்க" என்றாள் சவுந்தரம், இடுப்புச் சேலையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.